முளைக்கும் முன்னே அடிக்கிற மருந்து: புரோடயமின் 65 பற்றி

புல்வெளியில் களை தலைகாட்டும் முன்னே அடிக்கிற மருந்து புரோடயமின். வீட்டு முன்னால் இருப்பது பெர்முடா என்ற வெயில்புல் என்றால் இந்த டப்பாவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டால் ஃபெஸ்க்யூ என்ற குளிர்ப்புல் என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்குங்கள். எனக்கு இரண்டும் இருக்கிறது, அதனால் இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது வட கரோலினாவில், ராலேவுக்குப் பக்கத்தில் கேரி. புல் விஷயத்தில் இது இரண்டுங்கெட்டான் ஊர். வடக்கத்திக் குளிர்ப்புல்லுக்கு இங்கே ஜூலை வெயில் தாங்காது, தெற்கத்தி வெயில்புல் நவம்பர் வந்தால் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். ஒரே தெருவில் ஒரு வீட்டில் அது, அடுத்த வீட்டில் இது. எங்கள் வீட்டு முன்பக்கம் வெயில் கொட்டும் இடம் என்பதால் பில்டர் பெர்முடா பதித்துக் கொடுத்தார். அது வேறொன்றும் இல்லை, நம் அருகம்புல்தான். பின்பக்கம் ஓக் மர நிழல், அங்கே ஃபெஸ்க்யூ. பெரம்பலூர் பக்கம் வெங்காயக் காட்டில் அருகம்புல்லைக் கிண்டிக் கிண்டி வரப்பில் எறிந்த வீட்டில் பிறந்துவிட்டு, இங்கே அதற்குள் முளைக்கிற களைக்கு மருந்து வாங்குகிறேன். வீட்டுக்காரர்கள் சங்கம் களைக்குக் கடிதம் போடுகிற ஊரில் வேறு வழி கிடையாது.

முதலில் புல்வெளி பராமரிக்கும் கம்பெனி ஒன்றுக்குத்தான் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். பெயர் வேண்டாம். வருஷத்துக்கு 400 டாலருக்கு மேல். வருவார்கள், சின்ன மஞ்சள் கொடியைக் குத்துவார்கள், கதவில் ஒரு சீட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். சீட்டில் “முளைப்புக்கு முந்தைய களைக்கொல்லி, முதல் சுற்று” என்று இருக்கும். தேதியைப் பார்த்தால் ஏப்ரல் கடைசி. அதற்குள் டிரைவ்வே ஓரத்தில் கிராப்கிராஸ் என்ற களைப்புல் மூன்று இலை விட்டு நிற்கும். கேட்டால் “உங்கள் ரூட்டுக்கு இப்போதுதான் முறை வந்தது” என்றார்கள். முளைத்த பிறகு முளைப்புக்கு முந்தைய மருந்தைப் போட்டுவிட்டு, ஜூனில் முளைத்ததைக் கொல்ல இன்னொரு மருந்துக்குத் தனி பில் அனுப்பினார்கள். அத்தோடு அவர்களை நிறுத்திவிட்டு நானே இறங்கினேன்.

சிஞ்சென்டாவின் பேரிகேட் என்ற மருந்தில் இருக்கும் அதே சரக்குதான் புரோடயமின். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் குவாலி-ப்ரோ போன்ற வேறு கம்பெனிகளும் தயாரிக்கிறார்கள். நான் வாங்கியது அப்படி ஒன்று. தண்ணீரில் கலக்கும் குருணை, நூற்றுக்கு 65 பங்கு மருந்து, 5 பவுண்டு டப்பா, 70 டாலரை ஒட்டி விலை. பெரிய கடைகளின் தோட்டப் பிரிவில் பெரும்பாலும் கிடைக்காது, ஆன்லைனில்தான் வாங்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இது களையைக் கொல்லும் மருந்து இல்லை. கண்ணுக்குத் தெரிகிற எந்தச் செடியையும் இது ஒன்றும் செய்யாது. விதை முளைப்பதையும் தடுக்காது. முளைத்த விதை முதல் வேரை நீட்டும்போது, மண்ணின் மேல் அடுக்கில் இருக்கும் மருந்து அந்த வேர்நுனியில் செல் பிரிவதை நிறுத்திவிடுகிறது. வேர் குட்டையாகத் தடித்து நின்றுவிடும், நாற்று வெளிச்சத்தைப் பார்க்குமுன் போய்விடும். வேரூன்றி நிற்கிற புல்லின் வேர் இந்த அடுக்குக்குக் கீழே இருப்பதால் அது பிழைக்கிறது. புரோடயமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மாசக்கணக்கில் போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது கராஜில் ஸ்காட்ஸ் ஹால்ட்ஸ் என்ற பழைய களை மருந்து மூட்டை ஒன்று மிச்சம் இருந்தது. கம்பெனிக்காரர்களுக்கு முந்தைய காலத்தது. அப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். பெண்டிமெத்தலின். “ஏம்மா, இது நம்ம வெங்காயத்துக்கு அடிக்கிறதுல்ல?” அதேதான். நம் ஊரில் ஸ்டாம்ப் என்ற பெயரில் வெங்காயத்துக்கும் கடலைக்கும் அடிக்கிற மருந்து. புரோடயமினும் அதே குடும்பம், மஞ்சள் நிறம்கூட அப்படியே. “நட்டு மூணாம் நாள், ஈரம் காயறதுக்குள்ள அடிச்சிடணும். களை தலை தூக்கிடுச்சுன்னா இதை அடிச்சுப் பிரயோஜனம் இல்ல” என்றார். கம்பெனிக்காரருக்கு வருஷம் 400 டாலர் கட்டிக் கிடைக்காத தகவல்.

இனி டப்பாவுக்கு வருகிறேன். அளவுதான் இதில் பெரிய வேலை. லேபிள்படி பெர்முடாவுக்கும் டால் ஃபெஸ்க்யூவுக்கும் ஒரு வருஷத்துக்கு மொத்தமாக 1,000 சதுர அடிக்கு 0.83 அவுன்ஸ்தான் உச்சவரம்பு, அதாவது இருபத்து மூன்று கிராம் சொச்சம். என் முன்பக்கம் 3,500 சதுர அடி. வருஷ அளவை மூன்றாகப் பிரித்து, வசந்தத்தில் இரண்டு, இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஒன்று என்று போடுகிறேன். ஒரு தடவைக்கு 27 கிராம். ஒரு கைப்பிடிகூட வராது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், முன்பக்கத்துக்கு மட்டும் என்றால் இந்த டப்பா 28 வருஷம் வரும். எங்கள் வீட்டுக்கடன் 30 வருஷம்.

ஆகவே தராசு இல்லாமல் இதைத் தொடாதீர்கள். ஸ்பூன் கணக்கு வேலைக்கு ஆகாது. கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றைத் தனியாக வாங்கி, “மருந்துக்கு மட்டும்” என்று எழுதி கராஜிலேயே வைத்துவிடுங்கள். சமையலறைத் தராசு வேண்டாம். குருணை பார்க்க ஆரஞ்சு கலந்த மஞ்சள், கேசரிப் பவுடர் போல. ஈரம் பட்ட இடமெல்லாம் மஞ்சளாகிவிடும். வெள்ளை கான்கிரீட்டில் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். கையுறையைக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே வருமாறு கழற்றுங்கள், இல்லையென்றால் கராஜ் கதவின் கைப்பிடியில் உங்கள் விரல் அடையாளம் ரொம்ப நாளைக்கு இருக்கும்.

கலப்பது எளிது. முதுகில் மாட்டும் 4 காலன் தெளிப்பானில் பாதித் தண்ணீர், அப்புறம் மருந்து, குலுக்கு, மீதித் தண்ணீர். 1,000 சதுர அடிக்கு ஒரு காலன் என்று வைத்துக்கொண்டால் என் முன்பக்கத்துக்கு மூன்றரை காலன், ஒரு டேங்கில் முடிந்துவிடும். குருணை அடியில் தங்கும், நடுநடுவே நின்று தோளை உலுக்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவை அடிக்கும் முன்னால் வெறும் தண்ணீரை ஊற்றி டிரைவ்வேயில் நடந்து பாருங்கள், ஒரு காலன் எத்தனை சதுர அடிக்கு வருகிறது என்று உங்கள் நடையின் கணக்கு தெரிந்துவிடும். நான் பாதியைத் தெருவுக்கு இணையாகவும், மீதியைக் குறுக்காகவும் அடிக்கிறேன். இடைவெளி விட்டால் ஜூலையில் அந்த இடம் மட்டும் கோடு போட்டது போலக் கிராப்கிராஸாக நிற்கும். எதிர்வீட்டில் அப்படி ஒரு பட்டை இருக்கிறது, மேலிருந்து கீழே வரை ஒரு அடி அகலத்தில், யாரோ வேண்டுமென்றே விதைத்த மாதிரி.

டேங்க் வேண்டாம் என்பவர்களுக்கு உரத்தோடு கலந்த குருணை மூட்டையாகவே கிடைக்கிறது, தள்ளுவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போகலாம். விலை பல மடங்கு. ஆனால் முதுகுவலி இருப்பவர்களுக்கு அது நியாயமான விலைதான்.

எப்போது போடுவது? இங்கேதான் கம்பெனிக்காரர்கள் கோட்டை விட்டார்கள். இரண்டு அங்குல ஆழத்தில் மண்ணின் வெப்பம் தொடர்ந்து சில நாள் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கிராப்கிராஸ் விதை விழித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் மருந்து மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் பாதி. ஃபோர்சித்தியா புதர் மஞ்சளாகப் பூக்கத் தொடங்கியதும் அடித்துவிடு, பூ உதிர்வதற்குள் முடித்துவிடு என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். அது சரியாகவும் இருக்கிறது, ஆனால் ஒரு மண் வெப்பமானி பத்துப் பதினைந்து டாலர்தான், நான் அதைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் டேங்கை எடுப்பேன். இரண்டாவது சுற்று ஆறு முதல் எட்டு வாரம் கழித்து. முன்பக்கம் டிரைவ்வே ஓரமும் நடைபாதை ஓரமும் மற்ற இடங்களைவிட முன்னதாகவே சூடாகும், கான்கிரீட்டின் சூடு. கிராப்கிராஸ் அங்கேதான் முதலில் தலைகாட்டும், மருந்து குறைவாக விழுவதும் பெரும்பாலும் அதே ஓரத்தில்தான்.

இலையுதிர் காலத்துச் சுற்று வேறொரு களைக்கு. போவா அன்னுவா என்று ஒரு வெளிர்பச்சைப் புல், மண் 70 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் முளைத்துக் குளிர்காலம் முழுக்க நிற்கும். பெர்முடா தூங்கும்போது காய்ந்த புல்வெளியில் பச்சைத் திட்டுத் திட்டாகத் தெரியும். அதற்கு செப்டம்பர் முதல் பாதி. பல பேர் வசந்தத்தில் போட்டுவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள், அப்புறம் பிப்ரவரியில் மருந்தைத் திட்டுகிறார்கள்.

அடித்ததும் வேலை முடியவில்லை. 14 நாளுக்குள் அரை அங்குலமாவது மழையோ ஸ்பிரிங்ளர் தண்ணீரோ வேண்டும், அப்போதுதான் மருந்து புல்லின் மேலிருந்து மண்ணுக்கு இறங்கும். புல்மேல் தங்கிக் காய்ந்த மருந்தால் பயன் இல்லை. நான் இரண்டு டூனா டப்பாவைப் புல்லில் வைத்து, அரை அங்குலம் நிரம்புவதற்கு ஸ்பிரிங்ளர் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து வைத்திருக்கிறேன். மழையை நம்பலாம், ஆனால் கொட்டுகிற மழைக்கு முதல் நாள் அடிக்காதீர்கள். இந்தப் பக்கத்துச் சிவப்புக் களிமண் சரிவில் தண்ணீர் உள்ளே போகாமல் ஓடும், தெருவோரச் சாக்கடையில் விழுவதெல்லாம் ஓடைக்குப் போகிறது. கான்கிரீட்டில் விழுந்த குருணையைப் புல்லுக்குள் பெருக்கித் தள்ளிவிடுங்கள், குழாய்த் தண்ணீரால் தெருவுக்குக் கழுவிவிடாதீர்கள்.

முன்பக்கத்துப் பலன்? ஜூலை கடைசியில் கிராப்கிராஸைத் தேடிப் பிடுங்க வேண்டிய நிலைமை. அஞ்சல் பெட்டியைச் சுற்றி ஒன்றிரண்டு, அவ்வளவுதான். பெர்முடா தானே படர்ந்து அடைத்துக்கொள்ளும் புல் என்பதால் களை விட்ட இடத்தையும் அதுவே பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கத்துக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண். அரையைக் குறைத்தது மஞ்சள் கறைக்கு.

பின்பக்கக் கதை வேறு. ஃபெஸ்க்யூ படராது, கொத்துக் கொத்தாக நிற்கும் புல். இங்கத்திக் கோடை ஒவ்வொரு வருஷமும் அதில் ஒரு பங்கைக் காவு வாங்கும். அதனால் செப்டம்பரில் மேலே விதை தூவியே ஆக வேண்டும். புரோடயமினுக்கு ஃபெஸ்க்யூ விதையும் கிராப்கிராஸ் விதையும் ஒன்றுதான், எது முளைத்தாலும் வேரை நிறுத்தும். அளவு கூடக் கூட விதைக்கக் காத்திருக்க வேண்டிய மாசமும் கூடும், அந்தப் பட்டியல் லேபிளிலேயே இருக்கிறது. 70 டாலர் மருந்து மண்ணில் பாக்கி இருக்கும்போது 100 டாலர் விதையைத் தூவினால் பறவைகளுக்குத்தான் விருந்து. ஆகவே பின்பக்கத்துக்கு வசந்தத்தில் ஒரே ஒரு குறைந்த அளவு, செப்டம்பரில் கிடையவே கிடையாது. மே, ஜூனில் ஓரங்களில் வருவதைக் கையால் பிடுங்குகிறேன். விதைக்கும் வருஷம் இந்தச் சமரசம் பிடிக்காதவர்களுக்கு டைதியோபிர் இருக்கிறது, டைமென்ஷன் என்ற பெயரில் பிரபலம். மண்ணில் புரோடயமினைவிடக் குறைந்த காலம்தான் தங்கும். முளைத்துப் பக்கக்கிளை வெடிக்காத குட்டிக் கிராப்கிராஸையும் பிடிக்கும், நாள் தள்ளிப்போனவர்களுக்கு அது பெரிய உதவி.

விதையோடு சேர்த்தே போடக்கூடியது மீசோட்ரையோன். கடையில் டெனாசிட்டி என்று கேளுங்கள். நம் ஊர்ப் பூங்காக்களில் சிவப்பாகத் தொங்குமே பாட்டில் பிரஷ் மரம், அதன் அடியில் களை அதிகம் முளைப்பதில்லை என்பதை 1977-இல் கலிஃபோர்னியாவில் ஒரு விஞ்ஞானி கவனித்ததிலிருந்து வந்த மருந்து. களை வெளுத்துப் பாலாடை நிறமாகிச் சாகும், பார்க்கவே வேடிக்கை. ஃபெஸ்க்யூ விதைக்கும்போது பின்பக்கத்துக்கு இதைத்தான் போடுகிறேன். தப்பித்தவறி முன்பக்கம் கொண்டுபோகக் கூடாது, பெர்முடாவுக்கு ஆகாது.

புரோடயமின் எதையெல்லாம் பிடிக்காது என்பதை டப்பாவின் விளம்பரம் சத்தமாகச் சொல்வதில்லை. கோரையைப் பிடிக்காது. கோரை கிழங்கிலிருந்து வருகிறது, விதையிலிருந்து இல்லை. டாலிஸ்கிராஸ், டேன்டெலியன், க்ளோவர் என்று வேரிலிருந்து திரும்ப வருகிற எதையும் பிடிக்காது. அகன்ற இலைக் களைகளில் பாதியை விட்டுவிடும். இன்னொன்று, வருஷா வருஷம் இதையே போட்டுவந்த கோல்ஃப் மைதானங்கள் சிலவற்றில் இதற்கு அசராத போவா அன்னுவா வந்துவிட்டது. அப்போது டைதியோபிருக்கு மாறினால் மருந்தை மாற்றிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் செல் பிரிவைத் தடுக்கும் ஒரே வகை. வேறு வழியில் வேலை செய்கிற மருந்துக்குத்தான் மாற வேண்டும்.

மருந்தே வேண்டாம் என்பவர்கள் சோள குளூட்டன் மாவைப் பற்றிக் கேட்பார்கள். அயோவா ஸ்டேட் பல்கலைக்கழக ஆராய்ச்சியில் வந்தது, பொய்யில்லை. ஆனால் 1,000 சதுர அடிக்கு 20 பவுண்டு தூவ வேண்டும், அதில் நூற்றுக்கு ஒன்பது பத்துப் பங்கு தழைச்சத்து. எங்கள் ஊர் வெயிலில் பக்கத்து வீட்டார் தூவிப் பார்த்தார்கள், புல்லும் கொழுத்தது, களையும் கொழுத்தது.

குழந்தைகள், நாய் பற்றி. தெளித்தது காயும்வரை புல்லில் யாரும் கால் வைக்கக் கூடாது, இது லேபிள் விதி. எலிகளில் தைராய்டு கட்டிகள் வந்ததால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறது. புல்லில் போடும் அளவுக்கு அனுமதியும் தந்திருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இதே வேலை செய்த டிசிபிஏ என்ற பழைய களைக்கொல்லியை, வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும் என்று சொல்லி 2024 ஆகஸ்டில் அந்த முகமை அவசரமாக நிறுத்தியது. அதனால் நான் முழுக்கை, கையுறை, ரப்பர் பூட்ஸ் இல்லாமல் டேங்கைத் தொடுவதில்லை. காய்கறிப் பாத்தி ஓரம் நாலைந்து அடி விட்டுவிடுவேன், கறிவேப்பிலைத் தொட்டிகள் அன்றைக்கு கராஜுக்குள்.

28 வருஷ டப்பாவை மூன்று நான்கு வீடாகச் சேர்ந்து வாங்குவது புத்திசாலித்தனம், எங்கள் தெருவில் அப்படித்தான். ஆனால் தண்ணீர் பாட்டிலிலும் ஊறுகாய் ஜாடியிலும் பிரித்துக்கொடுக்காதீர்கள். மருந்து லேபிளோடு ஒரே வீட்டு கராஜில், பூட்டின அலமாரியில் இருக்கட்டும். வேண்டியவர் தன் டேங்கோடு வந்து, அங்கேயே எடைபோட்டு, அங்கேயே கரைத்து எடுத்துக்கொண்டு போகட்டும். எங்கள் வீட்டு அலமாரிதான் அந்த அலமாரி, பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை டீயும் நானே போடுகிறேன்.

இதை மே மாசத்தில் படித்துவிட்டு, முன்பக்கம் பூராவும் கிராப்கிராஸ் நிற்கிறதே, இந்த டப்பாவை ஆர்டர் போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு: போடாதீர்கள். இப்போதைக்கு குயின்க்ளோராக் கலந்த மருந்து வாங்கி, செடி சின்னதாக இருக்கும்போதே நேராக அதன்மேல் அடியுங்கள். பெர்முடாவும் ஃபெஸ்க்யூவும் அதைத் தாங்கும், செயின்ட் அகஸ்டின் புல் தாங்காது. புரோடயமினை ஆகஸ்டில் ஆர்டர் போட்டால் போதும்.